71 ஓட்டு: ஆந்த்ரோத் தீவில் எட்டு நாள்

8 பிப்ரவரி 2025, சனி – கொச்சி

வில்லிங்டன் தீவில் கப்பல் துறைக்கு வெளியே மதியமே வரிசை நீண்டுவிட்டது. லட்சத்தீவுக்குப் போகிறவர்களின் மூட்டையைப் பார்த்தாலே அங்கே எது கிடைக்காது என்று தெரிந்துவிடும். முட்டை அட்டைகள், தக்காளிக் கூடை, மெத்தை, குழந்தை சைக்கிள், ஈரச் சாக்கில் சுற்றிய ரோஜாச் செடி. அதைவிட அதிகமாக என் கண்ணில் பட்டது எக்ஸ்ரே, ஸ்கேன் வைக்கும் பெரிய உறைகள். என் வரிசையில் மட்டும் பதினொரு பேர் கையில் இருந்தன. தீவுக்காரர்கள் பெரிய வைத்தியத்துக்கெல்லாம் கொச்சிக்கோ கோழிக்கோட்டுக்கோதான் வர வேண்டும். வைத்தியம் முடிந்தாலும் கப்பல் கிடைத்தால்தான் வீடு.

ஆந்த்ரோத் சுற்றுலாத் தீவு இல்லை. அங்கே குடியிருக்கும் ஒருவர் பொறுப்பேற்று அழைத்தால்தான் நம் போன்றவர்களுக்கு நுழைவு அனுமதி. கல்லூரியில் என்னோடு படித்தவன் தங்கை கல்யாணத்துக்கு அழைத்திருந்தான். நான்கு நாளில் திரும்பிவிடலாம் என்ற கணக்கில்தான் கிளம்பினேன்.

பங்க் வகுப்பு என்பது கீழ்த்தளத்தில் ஒரு நீண்ட கூடம். வரிசை வரிசையாக அடுக்குப் படுக்கைகள். இரவு எட்டு மணிக்கு மேல் அலை பக்கவாட்டில் அடிக்க ஆரம்பித்ததும் எனக்கு வயிறு புரட்டியது. எதிர்ப் படுக்கையில் இருந்த ஒரு வயதான உம்மா, அதாவது அம்மா, தானாகவே எழுந்து வந்தார். தன் துணிப்பையை என் தலைக்கு வைத்தார். ஓர் இஞ்சித் துண்டைக் கொடுத்து, "கப்பல் போற போக்குல உடம்பை விடணும் மோனே, எதிர்த்துப் பிடிக்காதே" என்றார். தலையும் காலும் மாற்றிப் படுத்தேன். அப்புறம் தூக்கம் வந்தது. அவர் கணவர் மேல் படுக்கையில் இருந்தார், கண் அறுவை முடிந்து ஒரு கண்ணில் கட்டோடு. விடியும் வரை அந்த உம்மா அரை மணிக்கொரு தரம் எழுந்து அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

9 பிப்ரவரி, ஞாயிறு – ஆந்த்ரோத்

லட்சத்தீவிலேயே பரப்பில் பெரியது ஆந்த்ரோத். பெரியது என்றாலும் 5 சதுர கிலோமீட்டருக்குள்தான். மற்றத் தீவுகள் வடக்கு தெற்காக நீண்டிருக்க, இது மட்டும் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. படங்களில் பார்த்த பச்சை நிற அமைதிக் கடல் இங்கே பெரிதாக இல்லை. கரை முடிந்த இடத்திலேயே ஆழ்கடல் தொடங்கிவிடுகிறது. மேலே ஏறி வந்தால் தென்னை, தென்னை, தென்னை. அதன் நிழலில் பதினொராயிரத்துக்கும் அதிகமானவர்கள் நெருக்கியடித்துக் குடியிருக்கிறார்கள் (2011 கணக்கெடுப்பில் 11,191).

நண்பனின் உம்மா காலைச் சாப்பாட்டுக்கு கிலாஞ்சி செய்திருந்தார். அரிசி மாவும் முட்டையும் கலந்து கைக்குட்டை போல மெல்லிசாக வார்த்த தோசை. அதைத் தேங்காய்ப் பாலும் வாழைப்பழமும் வெல்லமும் சேர்ந்த கிண்ணத்தில் முக்கிச் சாப்பிட வேண்டும். மதியம் சூரை மீன் குழம்போடு மாசி பொடித்தது. கல் போல இறுகிய மாசிக்கருவாட்டை இடித்து, தேங்காய்த் துருவல், சின்ன வெங்காயம், பூண்டு, மஞ்சள் சேர்த்துப் பிரட்டியது. மூன்று முறை சோறு வாங்கினேன்.

பேச்சு மலையாளம்தான், ஆனால் தீவுக்கே உரிய ஜெசரி. முதல் 'ப' எல்லாம் 'ஃப' ஆகிவிடுகிறது. பால் இங்கே 'ஃபால்'. அரை நாள் போனதும் காது பழகிவிட்டது.

மாலையில் நண்பனோடு நடந்தேன். சுவரெல்லாம் தேர்தல். 2019இன் கடிகாரச் சின்னம் வெயிலில் வெளுத்துப் போயிருக்கிறது. 2024இன் கையும் எக்காளம் ஊதும் மனிதனும் இன்னும் பளிச்சென்று இருக்கிறார்கள். தேர்தல் முடிந்து எட்டு மாதமாகியும் எதையும் அழிக்கவில்லை. "அழிச்சா அந்த வீட்டுக்காரங்க மனசு கஷ்டப்படும்" என்றான். நூறு அடிக்கு ஒரு கட்சி மாறுகிறது. ஆனால் சுவர் தாண்டிக் குழம்புக் கிண்ணம் போய் வருகிறது.

10 பிப்ரவரி, திங்கள்

இன்றைய நாள் முழுக்க நண்பனின் மாமாவோடு போயிற்று. உம்மாவின் அண்ணன், 79 வயது. முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து தேங்காய் நாரைத் தொடையில் உருட்டித் திரித்துக்கொண்டே பேசினார். திரிக்கும் கை நின்றால் விஷயம் முக்கியமானது என்று கொஞ்ச நேரத்தில் புரிந்துகொண்டேன்.

"நீ மெட்ராஸா? நானும் மெட்ராஸ்தான், பத்து வயசு வரைக்கும்." உண்மைதான். 1956 நவம்பர் 1ஆம் தேதி யூனியன் பிரதேசம் ஆகும் வரை இந்தத் தீவுகள் சென்னை மாநிலத்தில் இருந்தன. ஆந்த்ரோத், கவரத்தி, மினிக்காய் பக்கம் மலபார் மாவட்டத்தில். அமினிப் பக்கத்துத் தீவுகள் தென் கன்னடத்தில். அதற்கும் முன்னால் ஆந்த்ரோத் கண்ணூர் அறக்கல் அரசரின் ஆட்சியில். அரசர், வெள்ளைக்காரர், சென்னை என்று மேலே யார் மாறினாலும் கீழே ஒன்று மாறவில்லை: ஆள்கிறவர் கடலுக்கு அப்பால்தான் இருந்தார். யூனியன் பிரதேசம் ஆன பிறகும் தலைமையகம் கோழிக்கோட்டில்தான் இருந்தது. 1964இல்தான் கவரத்திக்கு வந்தது.

மக்களவைக்கு 1957 முதல் 67 வரை குடியரசுத் தலைவர் நியமித்த கே. நல்லகோயா தங்ஙள் போய் வந்தார். முதல் தேர்தல் 1967இல். அப்போது ஓட்டுரிமை வயது 21. மாமாவுக்கு 21 முடிந்திருந்தது. "என் முதல் ஓட்டும் தீவோட முதல் ஓட்டும் ஒண்ணு" என்றார். கை நின்றது.

அந்தத் தேர்தலில் ஜெயித்தவர் இதே ஆந்த்ரோத்தில் 1941 மே 10ஆம் தேதி பிறந்த பி.எம். சயீத். படநாதா முகம்மது சயீத். மங்களூரில் படிப்பு, பிறகு பம்பாயில் சட்டம். போட்டியிட 25 வயது நிறைய வேண்டும். அவருக்கு 26 இன்னும் ஆகவில்லை. சுயேச்சையாக நின்று ஜெயித்தார். 1971இல் காங்கிரஸ் வேட்பாளராக நின்றபோது எதிர்த்து யாருமே நிற்கவில்லை. அப்புறம் 77, 80, 84, 89, 91, 96, 98, 99. வரிசையாகப் பத்து முறை. இடையில் 1980இல் மட்டும் காங்கிரஸின் பிரிந்த அணியில் நின்றார், அதிலும் ஜெயித்தார். நாட்டிலேயே வாக்காளர் மிகக் குறைந்த தொகுதி இது. இங்கிருந்து போனவர் உள்துறை இணை அமைச்சராக இருந்தார், செய்தி ஒலிபரப்புத் துறையில் இருந்தார், 1998 டிசம்பரில் மக்களவையின் துணைத் தலைவரானார். வாஜ்பாய் பிரதமராக இருந்த அவையில் எதிர்க்கட்சிக்காரரான ஒரு தீவு மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து அவையை நடத்தினார்.

இதையெல்லாம் நான் முன்பே படித்திருக்கிறேன். ஆனால் கயிறு திரிக்கும் கையைப் பார்த்துக்கொண்டு கேட்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. மாமாவின் வாலிபத்தில் நாரும் கொப்பரையும் ஏற்றிய ஓடம் காற்றை நம்பி மங்களூர் போய் அரிசி வாங்கி வரும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் எந்தத் தொடர்பும் இருக்காது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒருவர் டெல்லி போய் உட்காருகிறார் என்றால் அது அவர் ஒருவருடைய கதையாக மட்டும் இருக்க முடியாது.

மாமாவிடம் இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். இங்கே சொத்து தாய்வழி. தரவாட்டின், அதாவது தாய்வழிக் கூட்டுக் குடும்பத்தின், பொதுச் சொத்துக்கு 'வெள்ளியாழ்ச்சை'ச் சொத்து என்று பெயர். சொந்தமாகச் சம்பாதித்தது 'திங்களாழ்ச்சை'. வெள்ளிக்கிழமைச் சொத்து பெண் வழியாகத்தான் இறங்கும். அந்த ஊரில் மக்களவை இடம் மட்டும் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்திருக்கிறது. சயீதின் மகன் ஹம்துல்லா சயீத் 2009இல் ஜெயித்தார், அந்த அவையிலேயே மிக இளையவராக. அது எந்தக் கிழமைச் சொத்து என்று மாமாவிடம் கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "அது யாரோட சொத்தும் இல்ல மோனே. அதனாலதான் ரெண்டு தடவை பிடுங்கிட்டாங்க, மறுபடி கொடுத்தாங்க" என்றார். 2014இலும் 2019இலும் முகம்மது பைசலிடம் தோற்று, 2024இல் திரும்ப ஜெயித்ததைச் சொன்னார். 2019இல் வித்தியாசம் 823 ஓட்டுதான்.

12 பிப்ரவரி, புதன்

கல்யாணம். இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். பெரிய தாம்பாளத்தைச் சுற்றி ஐந்தாறு பேராக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நெய்ச்சோறு, இறைச்சி, பிறகு தென்னஞ்சாறு காய்ச்சிய தீவுச் சர்க்கரையில் கிளறிய தேங்காய் அல்வா. என் தாம்பாளத்தில் கைக்காரர் இருவர், எதிர்க்கட்சிக்காரர் மூவர் என்று நண்பன் பிறகு சொன்னான். சாப்பிடும்போது அவர்கள் எனக்காக ஒதுக்கியது நல்ல துண்டுகளைத்தான். யார் எந்தக் கட்சி என்று அதிலிருந்து எனக்குத் தெரியவில்லை.

வெயில் கடுமை. காற்று நின்றுவிட்டால் தென்னை நிழலிலும் சட்டை நனைந்துவிடுகிறது.

13 பிப்ரவரி, வியாழன்

இன்று கிளம்ப வேண்டிய கப்பல் வரவில்லை. பழுது என்றார்கள். அடுத்தது எப்போது என்று கேட்டால் சனி என்றார் ஒருவர், திங்கள் என்றார் இன்னொருவர். பயணச்சீட்டு வழங்கும் இடத்துக்கு வெளியே காலை ஆறு மணிக்கே எண்பது பேர் நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணை எல்லோரும் சேர்ந்து முன்னால் விட்டார்கள். அதே வரிசையில் ஒரு பையன் கையில் நுழைவுத்தேர்வு அனுமதிச் சீட்டு. ஞாயிற்றுக்கிழமை கொச்சியில் தேர்வு. அவன் முகத்தை மறக்க முடியவில்லை. எனக்கு நின்றுபோனது ஒரு வாரச் சம்பளம். அவனுக்கு ஒரு வருஷம்.

கப்பல் வராவிட்டால் காய்கறியும் வராது. காலையில் 60 ரூபாய்க்கு விற்ற தக்காளி மாலையில் 100. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இருக்கறது ரெண்டு கிலோ, பத்து வீட்டுக்குப் பிரிக்கணும்" என்று கால் கிலோவுக்கு மேல் யாருக்கும் கொடுக்கவில்லை.

இந்த ஊரில் அரசியல் என்றால் என்ன என்று அந்த வரிசையில்தான் எனக்குப் பிடிபட்டது. லட்சத்தீவுக்குச் சட்டமன்றம் கிடையாது. எம்.எல்.ஏ. இல்லை, முதல்வர் இல்லை. மேலே டெல்லி நியமிக்கும் நிர்வாகி. கீழே பஞ்சாயத்து. நடுவில் மக்கள் தேர்ந்தெடுக்கிற ஒரே குரல் எம்.பி. கப்பலில் இடம் வேண்டுமா, நோயாளிக்கு ஹெலிகாப்டர் வேண்டுமா, பள்ளிக்கு வாத்தியார் வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வாசல்தான். 2021இல் நிர்வாகம் கொண்டுவந்த வரைவுச் சட்டங்களை எதிர்த்து ஜூன் 7ஆம் தேதி தீவுகள் முழுக்க வீட்டுக்குள்ளேயே உண்ணாவிரதம் இருந்தார்கள். சுவரில் சண்டை போடும் கட்சிகள் அன்று ஒன்றாக நின்றன. நண்பனின் உம்மா அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை என்றார். பேசுவதற்குச் சட்டமன்றம் இல்லாதவர்கள் வேறு எப்படித்தான் சொல்ல முடியும்?

இரவு மின்சார நிலையத்தின் ஜெனரேட்டர் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. இங்கே கரண்ட் என்றால் பெரும்பாலும் கரையிலிருந்து கப்பலில் வரும் டீசல்.

14 பிப்ரவரி, வெள்ளி

ஜும்மாப் பள்ளியில் கூட்டம். தீவுகளுக்கு இஸ்லாத்தைக் கொண்டுவந்தவர் என்று மக்கள் போற்றும் உபைதுல்லாவின் அடக்கத்தலம் இங்கேதான் இருக்கிறது. தொழுகை முடிந்து வெளியே வந்தவர்கள் ஒருவர் விடாமல் என்னிடம் கேட்டது "கப்பல் கிடைச்சுதா?" என்றுதான்.

அப்புறம் தேநீர்க் கடை. தேநீர் 10 ரூபாய், கூடவே மிளகு போட்டு வறுத்த அப்பல், அதாவது ஆக்டோபஸ், ஒரு தட்டு 80. ரப்பர் போல இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. பதமாக வேகவைத்து வறுத்திருந்தார்கள்.

கடைக்காரருக்கு அறுபது இருக்கும். சயீத் பற்றி நான் விசாரிப்பது அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. தானாகவே ஆரம்பித்தார்: "தோத்த கதையையும் கேட்டுக்கோ. நான் எதிர்ப்பக்கம்."

2004 தேர்தல். 37 வருஷம், பத்து வெற்றி, அதற்குப் பிறகு பதினொராவது. எதிரில் ஐக்கிய ஜனதா தளத்தின் டாக்டர் பி. பூக்குஞ்ஞிக்கோயா. சயீத் 71 ஓட்டில் தோற்றார்.

"என் உம்மாவுக்கு அப்போ நடக்க முடியாது" என்றார் கடைக்காரர். "பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வெச்சு நானும் தம்பியும் தூக்கிட்டுப் போனோம். மணல்ல கால் புதையுது. பாதி வழியில இறக்கி வெச்சோம். 'வேண்டாம், திரும்பிடலாம்'னு உம்மா சொன்னாங்க. நான் கேக்கல. மூணு ஓட்டு. எண்ணிக்கை வந்த அன்னிக்கு உம்மா என்னைக் கூப்பிட்டு, '71ல மூணு போனா எவ்வளவு?'னு கேட்டாங்க. '68'னு சொன்னேன். 'அப்போ நாம இல்லேன்னாலும் ஜெயிச்சிருப்பாங்க, இருந்தாலும் போனது நல்லது'ன்னாங்க." நாற்காலி இன்னமும் இருக்கிறது. கடைக்குள்ளேதான், சர்க்கரை டப்பா வைத்திருக்கிறார். ஒரு கால் பின்னால் நசுங்கி, கம்பி வைத்துக் கட்டியிருக்கிறது.

பத்து லட்சம் பேர் ஓட்டுப் போடும் தொகுதியிலிருந்து வந்தவன் நான். என் ஓட்டு எண்ணப்படுகிறது என்பதை அறிவேன், அது எங்கே போய் விழுகிறது என்று ஒருநாளும் உணர்ந்ததில்லை. இங்கே ஒவ்வொரு ஓட்டுக்கும் முகம் இருக்கிறது, சுமந்த தோள் இருக்கிறது.

15 பிப்ரவரி, சனி

நேற்றுக் கேட்டதை மாமாவிடம் சொன்னேன். கயிறு நின்றது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

அந்தத் தேர்தலின்போது அவர் கொச்சியில் இருந்தார். அக்காவுக்கு வயிற்றில் அறுவை. துணைக்கு மாமா, அவர் மனைவி, அக்காவின் மகள். வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் சொன்ன அன்றே சீட்டுக்கு ஓடினார். காத்திருப்போர் பட்டியலில் நான்கு பெயரும் இருந்தன. கப்பல் நிறைந்துவிட்டது. துறைமுகக் கம்பிக்கு இந்தப் பக்கம் அக்காவை ஒரு மூட்டை மேல் உட்கார வைத்துவிட்டுக் கப்பல் நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். ஓட்டு நாளில் நான்கு பேரும் எர்ணாகுளம் விடுதி அறையில் இருந்தார்கள்.

"67லேர்ந்து ஒரு ஓட்டு விட்டதில்ல. விட்டது அது ஒண்ணுதான். 71ல நாலு என்னோடது" என்றார். நானும் கணக்குச் சொன்னேன், நான்கு பேர் வந்திருந்தாலும் இன்னும் 67 ஓட்டு குறைவாகத்தான் இருந்திருக்குமே என்று. "கணக்கு எனக்கும் தெரியும்" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை. பக்கத்து வீட்டிலும் அப்படி ஒரு கணக்கு இருக்கிறதாம்; அங்கே ஆறு.

தோற்ற அதே மே மாதம் மன்மோகன் சிங் அமைச்சரவையில் சயீத் மின்சாரத் துறை அமைச்சரானார். மாநிலங்களவை வழியாக உள்ளே போனார். டீசல் வந்தால்தான் விளக்கு எரியும் தீவில் பிறந்தவருக்கு நாட்டின் மின்சாரப் பொறுப்பு. மறு வருஷம் 2005 டிசம்பர் 18ஆம் தேதி, சிகிச்சைக்குப் போயிருந்த தென்கொரியாவின் சியோலில் இறந்துபோனார். ரேடியோவில் கேட்டபோது மாமா இதே கட்டிலில் இருந்தாராம். "வைத்தியத்துக்குக் கடல் தாண்டிப் போறது எங்களுக்குப் புதுசில்ல" என்று மட்டும் சொன்னார். கட்சி பேதமில்லாமல் அன்று கடைகள் மூடியிருந்தன என்று உம்மா உள்ளேயிருந்து சொன்னார்.

மாலை செய்தி வந்தது: நாளைக்குக் கப்பல். மாமாவுக்கும் இதயப் பரிசோதனைக்குக் கொச்சி போக வேண்டியிருந்தது. ஒரு மாதமாகச் சீட்டுக்குக் காத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் பங்க் கிடைத்தது. நுழைவுத்தேர்வுப் பையனை விசாரித்தேன். வெள்ளிக்கிழமை ஒரு சரக்குக் கப்பலில் எப்படியோ ஏற்றிவிட்டார்கள் என்றார்கள். யார் ஏற்றிவிட்டது என்று கேட்டதற்கு இரண்டு கட்சிக்காரர்களும் தங்கள் ஆள்தான் என்றார்கள். ஏறிவிட்டானே, அது போதும்.

16 பிப்ரவரி, ஞாயிறு – கப்பலில்

உம்மா ஒரு பொட்டலம் மாசி, ஒரு பொட்டலம் அல்வா கட்டிக்கொடுத்தார். காசு கொடுக்க முயன்றபோது கையைத் தட்டிவிட்டார்.

கப்பல் மேல்தளத்தில் மாமா வெகுநேரம் நின்றார். தென்னை வரிசை தாழ்ந்து தாழ்ந்து கடலோடு ஒட்டும் வரை பார்த்தார். அலை இந்த முறை சாந்தம். இரவு அவருக்குக் கீழ்ப் படுக்கையைக் கொடுத்து நான் மேலே படுத்தேன். ஸ்கேன் உறையைத் தலைமாட்டில் வைத்து அதன் மேல் தொப்பியை வைத்துக்கொண்டார்.

17 பிப்ரவரி, திங்கள் – கொச்சி

காலை ஏழரைக்குத் துறையில் இறங்கினோம். எனக்கு மதியம் ரயில். மாமாவுக்கு ஒன்பது மணிக்கு மருத்துவர். ஆட்டோ பிடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் நிறுத்திய இடத்தில் அவர் இல்லை. சீட்டு விசாரிக்கும் ஜன்னலில் முதல் ஆளாக நின்றிருந்தார். ஆந்த்ரோத்துக்கு அடுத்த கப்பல் எந்தத் தேதி என்று இரண்டு முறை கேட்டு, என்னிடம் பேனா வாங்கி, அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, பிறகுதான் மருத்துவமனைக்கு ஆட்டோவில் ஏறினார்.